பல்பை மட்டும் விற்காதீர்கள்: குமரி மாவட்டத்து ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களுக்கும் அக்சசரீஸ் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆரல்வாய்மொழி தொடங்கி களியக்காவிளை வரை கார் லைட் வேலை பார்க்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

இந்த மடலில் கொஞ்சம் கோபம் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் கோபம் என்றால் எழுதியே இருக்க மாட்டேன், பேசாமல் வேறு கடை பார்த்துப் போயிருப்பேன். நாகர்கோவில், தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல், மார்த்தாண்டம் என்று எந்த ஊர்க் கடையில் போய் "வெளிச்சம் பத்தல அண்ணே" என்று சொன்னாலும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். பானெட்டைத் திறப்பீர்கள், ரப்பர் மூடியைக் கழற்றுவீர்கள், பழைய பல்பு வெளியே, புதிய பல்பு உள்ளே, எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டி "பாத்தியளா, பளிச்சுன்னு இருக்கு" என்பீர்கள், நாங்களும் தலையாட்டிக் காசைக் கொடுத்துவிட்டு வருவோம். அந்தப் பல்புக்குக் கரண்டு கொண்டுவருகிற ஒயரை நீங்களும் பார்ப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. என் வேண்டுகோள் முழுவதும் அந்த ஒயரைப் பற்றித்தான். பல்பை மாற்றுவதற்கு முன் ஒயரை அளந்து பாருங்கள், புதிய விளக்கு எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று எங்களிடம் சொல்லுங்கள், அந்த ஆம்பியரைத் தாங்குகிற வழியையும் சேர்த்தே போட்டுக் கொடுங்கள்.

கூடுதல் வெளிச்சம் கேட்பது தப்பென்று நான் சொல்ல வரவில்லை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ராத்திரி போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், வளைவுக்கு வளைவு, எதிரே என்ன வருகிறதென்று கிட்டே வந்தால்தான் தெரியும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவத்திலும் மழை, துலாம் என்கிற வடகிழக்குப் பருவத்திலும் மழை என்று இரண்டு பருவத்திலும் நனைகிற மாவட்டம் இது, நனைந்த கறுப்புத் தார்ச்சாலை விழுகிற வெளிச்சத்தையெல்லாம் முன்னால் தள்ளிவிடும், நம் கண்ணுக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான். போதாததற்கு 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் எதிரே வரும் டாரஸ் லாரி ஹை பீமைத் தாழ்த்தாமலே வரும். ஆகவே ஆசை நியாயமான ஆசைதான். அந்த ஆசையை எப்படித் தீர்த்து வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

கணக்குக்கு வருவோம். வண்டியோடு வரும் எச்4 வகை பல்பு 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. 12 வோல்ட் கணக்கில் ஹை பீமுக்கு ஒரு பல்பு 5 ஆம்பியர், இரண்டும் சேர்ந்து 10. இன்ஜின் ஓடும்போது 13.5, 14 வோல்ட் இருப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். ஒயர், ஸ்விட்ச், கப்ளர், ஹோல்டர், ஃப்யூஸ் எல்லாவற்றையும் தயாரிப்பாளர்கள் இந்தக் கணக்குக்குத்தான் போட்டிருக்கிறார்கள், செம்பு விலைக்குப் பயந்து ஒரு நூல்கூட அதிகம் போட்டிருக்க மாட்டார்கள். அதில் 100/90 பல்பைச் செருகினால் ஒன்று 8 ஆம்பியரைத் தாண்டுகிறது, ஜோடிக்கு ஏறக்குறைய 17. 130/100 கேட்டு வருகிற பையன்களும் உண்டு, அதற்கு 22 ஆம்பியர் ஆகிறது. ஒயரில் பிறக்கிற சூடு கரண்டு ஏறுகிற அளவுக்கு மட்டும் ஏறாது, அதன் வர்க்கத்துக்கு ஏறும். 10 ஆம்பியர் 17 ஆனால் சூடு இரண்டே முக்கால் மடங்குக்கு மேல் போய்விடும். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ரிலேயே (சின்னக் கரண்டில் இயங்கி பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற ஸ்விட்ச்) கிடையாது, மொத்தக் கரண்டும் ஸ்டியரிங் பக்கத்து காம்பினேஷன் ஸ்விட்சுக்குள் போய்த்தான் திரும்புகிறது. அந்த ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் பழுப்பாகி, காண்டாக்ட் கருகி நிற்பதை என்னைவிட நீங்கள்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். ஆறு மாதம் கழித்து அதே வண்டி "லைட் விட்டு விட்டு எரியுது" என்று வரும்போது ஸ்விட்ச் விற்பனையும் நடக்கிறது. வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் நடக்கிறது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இவ்வளவு சூடாக்கியும் அந்த 100 வாட் பல்பு 100 வாட்டுக்கான வெளிச்சத்தைத் தராது. 0.75 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 24 மில்லி ஓம் அளவு தடை. இரண்டு பல்புக்கும் பொதுவாகப் போகிற ஒயர், பேட்டரியிலிருந்து ஸ்விட்சுக்குப் போய் முன்பக்கம் திரும்பி வர நாலு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 0.1 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 1 வோல்ட் தொலைகிறது, 17 ஓடினால் 1.7. ஸ்விட்சிலும் கப்ளரிலும் போவது தனி. ஹாலோஜன் பல்பின் குணம் என்னவென்றால் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். ஆக 13.5 வோல்ட்டில் 1.7 ஒயரிலேயே போனால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரோட்டுக்கு வராமலே போகிறது. நாங்கள் பெரிய பல்புக்குக் காசு கொடுத்து பானெட்டுக்குள் ஒயரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறோம்.

அதனால்தான் சொல்கிறேன், வெளிச்சம் போதவில்லை என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பல்பு குற்றவாளியே இல்லை என்பது என் எண்ணம். கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும், பல்பும் மாட்டியபடியே இருக்கட்டும். பல்பைக் கழற்றி வெறும் ஹோல்டரில் அளந்தால் 13 வோல்ட் என்று பொய் சொல்லும், கரண்டு ஓடாதபோது தடை தெரியாது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள், இன்னொன்றை ஹோல்டரின் பாசிட்டிவ் பின்னில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரிலோ ஸ்விட்சிலோ கோளாறு. அப்புறம் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை ஹோல்டரின் எர்த் பின்னிலும் வையுங்கள். அங்கே 0.2-க்கு மேல் வந்தால் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

எர்த் விஷயத்தை நம் மாவட்டத்தில் தனியாகவே பேச வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிகளுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று கதவின் அடி விளிம்பைப் பார்த்தாலே தெரியும். ஹெட்லைட் எர்த் பெரும்பாலும் முன்பக்கத் தகட்டில் ஒரு ஸ்க்ரூவில் நிற்கிறது. அந்த ஸ்க்ரூவின் அடியில் துரு ஏறிவிட்டால் பாசிட்டிவ் பக்கம் எத்தனை தடித்த ஒயர் இழுத்தும் பிரயோஜனம் இல்லை. கடற்கரை வண்டி ஒன்று மங்கலாக எரிகிறது என்று வந்தால், தயவுசெய்து பல்பு டப்பாவைக் கையில் எடுக்குமுன் அந்த ஸ்க்ரூவைக் கழற்றிச் சுரண்டி, ஒயர் முனைக்குப் புதிய லக் (உலோக வளையம்) அடித்து, கொஞ்சம் வாஸ்லின் தடவி முறுக்கிப் பாருங்கள். இதற்கு ஒரு தொகை கேளுங்கள், தருகிறோம். பொருள் எதுவும் விற்காமல் கூலி மட்டும் வாங்கக் கூச்சப்படுவதால்தான் நம் ஊரில் பாதி வேலை பொருளை மாற்றும் வேலையாகவே நடக்கிறது.

ஒயர் சரியில்லை என்று தெரிந்தால் வழி ரொம்பப் பழையது, உங்களுக்குத் தெரியாததும் இல்லை. பேட்டரியிலிருந்து நேராக 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், ஹைக்கு ஒரு ரிலே, லோவுக்கு ஒரு ரிலே. ரிலேயின் 30-ஆம் எண் பின்னில் பேட்டரி லைன், 87-இல் பல்பு, பழைய ஹெட்லைட் ஒயர் இப்போது 86-க்குச் சிக்னல் மட்டும் கொடுக்கும், 85 எர்த்துக்குப் போகும். ரிலே காயில் இழுப்பது 0.2 ஆம்பியர் அளவுதான், ஆகவே ஸ்விட்சுக்கு ஓய்வு. பல்பிலிருந்து எர்த்துக்கும் அதே தடிமன் ஒயர், முடிந்தால் பேட்டரி நெகட்டிவ் வரைக்கும். ரிலேயை வாய் கீழ்ப்பார்த்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் தேங்கும். ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலை நம் மழைக்கு நிற்காது, கிரிம்ப் அடித்து ஹீட் ஷ்ரிங்க் போட எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? இன்னொன்று, சில வண்டிகளில் ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கம் இல்லாமல் எர்த் பக்கம் இருக்கும், அதில் ரெடிமேட் கிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு செருகினால் ஹையும் லோவும் குழம்பும். சோதித்துவிட்டுச் செருகுங்கள். இவ்வளவும் செய்த பிறகு கம்பெனி 60/55 பல்பையே போட்டுப் பாருங்கள், பாதிப் பேர் "இதுவே போதும்" என்று போய்விடுவார்கள். ஆனால் ஒன்று, மின்னழுத்தம் சரியாகக் கிடைக்க ஆரம்பித்ததும் மட்டமான பல்புகள் சீக்கிரம் போகும். 5 சதவீதம் கூடினாலே ஹாலோஜன் ஆயுள் பாதியாகும். நல்ல பல்பாகவே கொடுங்கள்.

அதையும் மீறி 100/90 தான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால் பீங்கான் ஹோல்டர் இல்லாமல் போட்டுக் கொடுக்காதீர்கள். இப்போதைய ஹெட்லைட் கூடு முன்னும் பின்னும் பிளாஸ்டிக், அந்தச் சூட்டில் ரிஃப்ளெக்டரின் வெள்ளி மங்கிவிட்டால் பிறகு எந்தப் பல்பும் உதவாது.

ஃபாக் லைட்டுக்கு வருகிறேன், கோபம் என்று சொன்னது இதற்குத்தான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கு ஒரு கடையில் ஃபாக் லைட் ஜோடி மாட்டினார்கள். பெயர் வேண்டாம். 55 வாட் இரண்டு, அதாவது 110 வாட், 9 ஆம்பியருக்கு மேல். லைன் எங்கிருந்து எடுத்தார்கள் என்றால் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து. 5 வாட் குட்டி பல்புகளுக்காக ஓடுகிற மயிரிழை ஒயர் அது. ஃப்யூஸ் எரிந்தது. எரியத்தானே செய்யும்! திரும்பக் கொண்டுபோனால் 10 ஆம்பியர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு 30 போட்டு அனுப்பினார்கள். அதன்பிறகு ஃப்யூஸ் எரியவில்லை. ஒயர் எரிந்தது. டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்து, நல்ல வேளை வண்டி வீட்டு முற்றத்தில் நின்றதால் பேட்டரியைக் கழற்றிவிட முடிந்தது. ஃப்யூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. ஒயர் தாங்குவதைவிடப் பெரிய ஃப்யூஸ் போட்ட அந்த நிமிடமே ஒயர்தான் ஃப்யூஸ் ஆகிவிடுகிறது. ஐடிஐயில் முதல் வருடமே சொல்லிக் கொடுக்கிற பாடம், இருந்தும் ஃப்யூஸ் பெட்டியில் வெள்ளிக் காகிதம் சுற்றிய ஃப்யூஸ்களை இன்றைக்கும் பார்க்கிறேன். பார்க்கிங் லைனிலிருந்து ரிலேக்குச் சிக்னல் எடுங்கள், அது நல்ல வழக்கம், பார்க்கிங் அணைந்தால் ஃபாக் லைட்டும் அணையும், மறந்து பேட்டரி இறங்காது. விளக்குக்கான கரண்டு மட்டும் பேட்டரியிலிருந்து தனி 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக வரட்டும்.

மாட்டிய பிறகு எங்கே வெளிச்சம் விழுகிறது என்றும் பாருங்கள். ஃபாக் லைட் பம்பரில் தாழ்வாக நின்று, அகலமாக, ரோட்டு ஓரக் கோட்டைக் காட்ட வேண்டிய விளக்கு. மாறாமலையில் மூடுபனி இறங்கும்போதும், அடைமழையில் தோட்டத்து வளைவுகளிலும் அதன் அருமை தெரியும். அதையே மேல்நோக்கித் திருப்பி இன்னொரு ஹை பீமாக்கி அனுப்பினால், எதிரே பைக்கில் வருகிறவன் ஓடைக்குள் இறங்குவான்.

எல்இடி போட்டால் இந்த ஆம்பியர் தொல்லையே இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், பாதி உண்மை. டப்பாவில் 200 வாட், 20,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்கிற பல்பை ஆம்பியர் மீட்டரில் கோத்துப் பார்த்தால் இரண்டு ஆம்பியர் சொச்சம்தான் காட்டும், அதாவது 25, 30 வாட். ஒயருக்கு நல்லதுதான். ஆனால் டப்பாவில் உள்ள எண்ணை எங்களிடம் அப்படியே ஒப்பிக்காதீர்கள். அசல் எச்4 ஹாலோஜனின் வரையறை 13.2 வோல்ட்டில் ஹைக்கு 1650 லூமென், லோவுக்கு 1000, அவ்வளவுதான். அந்த ரிஃப்ளெக்டர் பிலமெண்ட் இருக்கிற இடத்தை வைத்து, லோ பீம் பிலமெண்டின் அடியில் இருக்கிற குட்டிக் கிண்ணத்தை வைத்து வரைந்த ரிஃப்ளெக்டர். எல்இடி சிப் அதே இடத்தில், அதே வடிவத்தில் இல்லாவிட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறும், ஓட்டுகிறவருக்குப் பிரகாசம் மாதிரி தெரியும், எதிரே வருகிறவருக்குக் கண் போகும். கொஞ்சம் புதிய வண்டிகளில் பல்பு இழுக்கும் கரண்டை கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது, குறைவாக இழுத்தால் பல்பு போய்விட்டது என்று டாஷில் எச்சரிக்கை போடும், அல்லது விளக்கு மினுக்கும். அதற்கு டீகோடர் என்று ஒரு சமாச்சாரம் விற்கிறீர்களே, அதில் பெரும்பாலும் இருப்பது 6 ஓம் ரெசிஸ்டர். 14 வோல்ட்டில் 2.3 ஆம்பியர், 32 வாட் வெறும் சூடு. எல்இடி மிச்சம் பிடித்ததை இது தின்றுவிடுகிறது, சூடு தாங்காமல் பக்கத்து பிளாஸ்டிக்கை உருக்குகிறது, இதை ஒயரிங் ஹார்னஸோடு சேர்த்துக் கட்டி வைக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். எச்ஐடி என்கிற ஸெனான் விளக்கு இப்போது குறைந்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன், 35 வாட் கிட் ஓடும்போது 3 ஆம்பியர்தான், பற்றுகிற சில வினாடிகளுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும், ரிலே இல்லாமல் போட்டால் ஸ்விட்சுக்கு ஒவ்வொரு தடவையும் அடி.

இன்ஜின் ஓடும்போது கரண்டு உண்டாக்குகிற ஆல்டர்நேட்டரின் கணக்கையும் யாரும் பார்ப்பதில்லை. மழை இரவு, மார்த்தாண்டத்தில் நெரிசல், வண்டி ஐடிலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட் ஹெட்லைட்டுக்கு 17, ஃபாக் லைட்டுக்கு 9, ரேடியேட்டர் ஃபேனுக்கு ஒரு 10, ஏசி ப்ளோயருக்கும் கிளட்சுக்கும் சேர்த்து 15, வைப்பர் 4, இன்ஜின் தன் பம்புக்கும் இக்னிஷனுக்கும் எடுப்பது ஒரு 8. தோராயமாகப் போட்டாலே 60-ஐத் தாண்டிவிட்டது. சின்ன கார் ஆல்டர்நேட்டரில் 70 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது, ஐடிலில் பாதி கிடைத்தால் பெரிது. மிச்சத்தை 35 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரிதான் கொடுக்கிறது. தினமும் பத்து நிமிடம், கால்மணி நேரம் ஓட்டுகிற வண்டிக்கு அந்தக் கடன் அடைவதே இல்லை, அப்புறம் ஒரு காலையில் செல்ஃப் எடுக்காது, பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவோம். டாக்சி ஓட்டுகிறவர்கள், இன்ஜினை அணைத்துவிட்டு ஃபாக் லைட்டோடு காத்திருக்கிறவர்கள், இவர்களுக்காவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கடைசி சில வருடங்களில் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை பாடி கண்ட்ரோல் மாட்யூலே (விளக்கு, பூட்டு முதலியவற்றை இயக்குகிற கம்ப்யூட்டர் பெட்டி) நேரடியாக இயக்குவதும் உண்டு. அந்த ஒயரை நடுவில் சீவி லைன் எடுத்தால் போவது பல்பு இல்லை, மாட்யூல். அதன் விலை உங்களுக்கே தெரியும். தெரியாத வண்டி என்றால் "இதுல கை வைக்க மாட்டேன்" என்று சொல்கிற எலெக்ட்ரீஷியன் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்யும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது, 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 106, 8 மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசவைக்கிற மாதிரி முன்விளக்கு இருக்கக் கூடாது என்கிறது. களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் வண்டியை நிறுத்திக் கேட்டால் கட்டுவது நாங்கள்தான், கடையின் பில்லைக் காட்டினால் யாரும் விடப்போவதில்லை. அந்தப் பில்லில்கூட வழக்கமாக "லைட் – 1 செட்" என்றுதான் இருக்கிறது.

ஆகவே கேட்பது இதுதான். பில்லில் விளக்கின் உண்மையான வாட், ஆம்பியர், எந்த ஃப்யூஸ் போட்டீர்கள், எந்தத் தடிமன் ஒயர் இழுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நாளைக்கு இன்னொரு மெக்கானிக் திறந்து பார்த்தால் அவருக்கும் புரியும். ரிலே, ஹோல்டர், ஃப்யூஸ், நல்ல ஒயர் எல்லாம் சேர்த்தாலும் நீங்கள் சொல்கிற எல்இடி செட் விலைக்கு வராது, ஆகவே "கஸ்டமர் செலவழிக்க மாட்டான்" என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். செலவழிப்பான், என்னவென்று சொன்னால். கூலியைத் தாராளமாகவே போடுங்கள், ஒரு மதியம் முழுக்க ஆகும் என்றால் வண்டியை விட்டுவிட்டுப் போகிறோம். இடவப்பாதி தொடங்கிய பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்போம், அப்போது உங்களுக்கும் அவசரம் எங்களுக்கும் அவசரம். மே மாதமே கடை வாசலில் "ஹெட்லைட் வோல்ட்டேஜ் பார்த்துத் தரப்படும்" என்று ஒரு போர்டு வையுங்கள். முதல் ஆளாக நானே வருகிறேன்.

இப்படிக்கு,
குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு கார்க்காரன்